வெயிலில் தொடங்கி மார்கழியில் நிற்கும் கம்பளி: கேஷ்மியர் ஆட்டின் மயிர்க்கால் எப்படி இயங்குகிறது?

குளிர் கூடினால் ஆட்டுக்கு மயிர் அடர்ந்து வளரும், வெயில் ஏறினால் உதிர்ந்துவிடும் என்றுதான் பொதுவாக நினைப்போம். கேஷ்மியர் ஆட்டின் கணக்கு வேறு. சீனாவின் உள் மங்கோலியாவில் மேயும் இந்த ஆடுகளுக்கு, விலைமதிப்புள்ள அந்த மெல்லிய கம்பளி வளரத் தொடங்குவது ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ. நல்ல வெயில் காலம் அது. டிசம்பர் கடைசியில் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. எலும்பைக் குடையும் ஜனவரிக் குளிர் வந்து சேரும்போது கம்பளி ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

ஆக, ஆட்டின் தோல் குளிரைப் பார்த்து வேலை செய்யவில்லை. வேறெதையோ பார்த்து, ஆறு மாதத்துக்கு முன்பே தயாராகிறது. அது எதைப் பார்க்கிறது, தோலுக்குள் யார் யாருக்கு என்ன சொல்லி இந்த வேலை நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். வேதியியல், உயிரியல் எதுவும் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்: மயிர் வளர்வது எவ்வளவு பெரிய வேலையோ, அதை நிறுத்துவதும் அதே அளவுக்குப் பெரிய வேலை. ‘தானாக நின்றுவிட்டது’ என்று இங்கே எதுவும் இல்லை.

முதலில் ஆட்டின் மேல் இருப்பதைப் பார்த்துவிடுவோம். கேஷ்மியர் ஆட்டுக்கு இரண்டு அடுக்கு மயிர் உண்டு. வெளியே தெரிவது நீளமான, முரட்டு மேல்மயிர். மழையும் தூசியும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதை விலக்கிப் பார்த்தால் அடியில் பஞ்சுபோல் படிந்திருக்கும் அடிமயிர். இதுதான் கேஷ்மியர். லடாக்கின் சாங்தாங் பகுதியில் சாங்பா மக்கள் வளர்க்கும் ஆடுகளிலிருந்து கிடைக்கும்போது இதையே பஷ்மினா என்கிறோம். ஓர் இழையின் தடிமன் 12 முதல் 16 மைக்ரான் வரை இருக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நம் தலைமுடி 60, 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் தேறும். 19 மைக்ரானைத் தாண்டினால் கேஷ்மியர் என்று பெயர் போட்டு விற்கவே முடியாது என்பது வணிகத்தில் உள்ள எல்லை.

இந்த இரண்டு மயிரும் இரண்டு விதமான மயிர்க்கால்களிலிருந்து வருகின்றன. மேல்மயிர் முளைக்கும் மயிர்க்காலை முதன்மை மயிர்க்கால் என்பார்கள். அதோடு ஒட்டி எண்ணெய்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி, மயிரைச் சிலிர்க்க வைக்கும் குட்டித் தசை எல்லாம் இருக்கும். அடிமயிருக்கு இரண்டாம் நிலை மயிர்க்கால். அது சிறியது, எளிமையானது, தோலில் அவ்வளவு ஆழம் போகாது. பெரும்பாலும் மூன்று முதன்மை மயிர்க்கால்கள் ஒரு குழுவாக நிற்க, அவற்றைச் சுற்றி இரண்டாம் நிலை மயிர்க்கால்கள் கும்பலாக அமைந்திருக்கும். தோலைக் குறுக்காக மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் இந்த ஏற்பாடு அச்சடித்த மாதிரி தெரியும்.

இனி சுழற்சி. எந்த மயிர்க்காலும் ஓயாமல் வளர்ந்துகொண்டே இருப்பதில்லை. வளர்ச்சிக் கட்டம், ஒடுங்கும் கட்டம், ஓய்வுக் கட்டம் என்று மாறி மாறிப் போகும். பழைய மயிர் உதிர்ந்ததும் மறுபடி வளர்ச்சிக் கட்டம். நம் தலையிலும் இதேதான் நடக்கிறது. ஆனால் நமக்கு ஒவ்வொரு மயிர்க்காலும் தனித்தனிக் கணக்கில் ஓடுகிறது. வளர்ச்சிக் கட்டம் மட்டுமே சில வருடங்கள் நீடிக்கும். அதனால்தான் தினமும் 50, 100 என்று உதிர்ந்தாலும் யாருக்கும் தலை ஒரேயடியாக மொட்டையாவதில்லை. கேஷ்மியர் ஆட்டின் அடிமயிரோ ஒரே கணக்கில் ஓடுகிறது. கோடையில் எல்லா இரண்டாம் நிலை மயிர்க்கால்களும் சேர்ந்தாற்போல் எழும். ஆண்டுக் கடைசியில் சேர்ந்தே ஒடுங்கும். வசந்தத்தில் சேர்ந்தே உதிர்க்கும்.

இந்த ஒற்றுமை இல்லாவிட்டால் கேஷ்மியர் என்ற தொழிலே இருந்திருக்காது. செம்மறியின் கம்பளியைக் கத்தரிப்பார்கள். கேஷ்மியரைப் பெரும்பாலும் சீப்பால் சீவித்தான் எடுப்பார்கள், ஏனென்றால் சரியான வாரத்தில் அது தானே வேரோடு கழன்று நிற்கும். எந்த வாரம் என்பதை ஆட்டின் முகம் சொல்லிவிடும். கண்ணைச் சுற்றியும் காதின் அடியிலும் அடிமயிர் தளர்ந்து திட்டுத் திட்டாகத் தூக்கி நின்றால், சீப்பை எடுக்கலாம். அங்கே தொடங்கி கழுத்து, தோள், முதுகு என்று உதிர்வு பின்னோக்கிப் போகும். விட்டுவிட்டால் புதரிலும் பாறையிலும் உரசிப் போய்விடும்.

சரி, எல்லா மயிர்க்காலுக்கும் ஒரே நேரத்தில் செய்தி சொல்வது யார்? பகலின் நீளம்.

சென்னையில் இருப்பவருக்கு இது சட்டென்று பிடிபடாது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். உள் மங்கோலியாவின் தென்பகுதி இருக்கும் 40 டிகிரி வடக்கில் அதே வித்தியாசம் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல். வெப்பநிலை ஏமாற்றும், ஜூனில் ஒரு குளிர்ந்த வாரம் வரும், நவம்பரில் ஒரு கதகதப்பான வாரம் வரும். பகலின் நீளம் ஒரு வருடம்கூடத் தப்பாது. இதற்கு நல்ல அத்தாட்சி ஆஸ்திரேலியா. அங்கே இருக்கும் கேஷ்மியர் ஆடுகளுக்கு அடிமயிர் டிசம்பர் வாக்கில் தொடங்கி ஜூன் வாக்கில் நிற்கிறது. அவர்களின் நீண்ட பகல் டிசம்பரில் அல்லவா!

கண்ணில் விழும் வெளிச்சம் மூளையின் உள்கடிகாரத்துக்குப் போய், அங்கிருந்து பினியல் என்ற பட்டாணி அளவு சுரப்பிக்குப் போகிறது. பினியல் இருட்டில் மட்டும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். இரவு நீண்டால் மெலடோனின் ரத்தத்தில் இருக்கும் நேரமும் நீளும். ஆக, ‘இன்று இரவு எத்தனை மணி நேரம்’ என்ற தகவல் ரத்தத்தின் வழியே உடம்பு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. (மெலடோனினை 1958-இல் மாட்டின் பினியல் சுரப்பிகளிலிருந்து பிரித்தெடுத்தவர் ஆரன் லெர்னர், யேல் பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர். தோல் நிறத்தை மாற்றும் பொருளைத் தேடிப் போனவர் அவர். தூக்க மாத்திரை என்று இன்று எல்லோரும் அறிந்த மெலடோனின், தோல் ஆராய்ச்சியில்தான் பிறந்தது.)

மெலடோனின், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் ஏற்பிகளில் (செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதங்களில்) ஒட்டி, புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோனின் அளவை இறக்குகிறது. புரோலாக்டின் என்றால் தாய்ப்பால் ஹார்மோன் என்றுதான் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். கிடாவுக்கும் அது உண்டு. நீண்ட பகலில் ஏறும், குறுகிய பகலில் இறங்கும். மயிர்க்காலிலேயே அதற்கு ஏற்பிகள் இருக்கின்றன. வசந்தத்தில் புரோலாக்டின் ஏறும்போது, பழைய மயிர் உதிர்வதும் உறங்கிக் கிடந்த மயிர்க்கால் விழிப்பதும் அதோடு சேர்ந்தே நடப்பதை ஸ்காட்லாந்தில் 1990-களில் நடந்த ஆய்வுகள் காட்டின.

இந்த இடத்தில் புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவது வழக்கம். ‘மெலடோனின் வளர வைக்குமா, நிறுத்துமா?’ என்று ஒற்றை வரியில் விடை கேட்பார்கள். அப்படி ஒரு விடை கிடையாது. ஓய்வில் இருக்கும் மயிர்க்காலுக்கு வசந்தத்தின் கடைசியில் மெலடோனின் கிடைத்தால் அது வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்து வளரத் தொடங்கும். வேறொரு மாதத்தில் கொடுத்தால் விளைவும் வேறு. மயிர்க்கால் அப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, அதை வைத்துத்தான் செய்திக்குப் பொருள்.

இதுவரை பார்த்தது காலண்டர். இனி மயிர்க்காலுக்குள் இறங்குவோம்.

மயிர்க்காலின் அடியில், வெங்காயக் குமிழ்போல் இருக்கும் பகுதியின் நடுவே, ஒரு சிறு செல் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு டெர்மல் பாப்பில்லா என்று பெயர். அதிலிருந்து மயிர் முளைப்பதில்லை. ஆனால் மயிர் முளைப்பதா வேண்டாமா என்பதில் அதன் பேச்சுக்குத்தான் மதிப்பு அதிகம். அதைச் சுற்றியிருக்கும் மேட்ரிக்ஸ் செல்கள் வேகமாகப் பெருகி, மேலே தள்ளப்பட்டு, உள்ளே கெரட்டின் புரதம் நிறைந்து, செத்து, இழையாக மாறும். நாம் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் சால்வை என்பது அப்படிச் செத்த செல்களின் வரிசைதான். மேட்ரிக்ஸ் செல்கள் தீர்ந்துபோகாமல் இருக்க, சற்று மேலே மயிர்க்காலின் பக்கவாட்டில் புடைத்திருக்கும் இடத்தில் தேவைப்படும்போது புதிய செல்களைத் தரும் ஸ்டெம் செல்கள் சேமிப்பில் இருக்கின்றன.

வளர்ச்சியைத் தொடங்கி வைக்கும் முக்கியச் செய்தி ‘விண்ட்’ என்ற புரதக் குடும்பம். இது செல்லுக்கு வெளியே சுற்றும் சிக்னல். உள்ளே அது என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் இந்தத் துறையில் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் இது வந்து நிற்கும். செல்லுக்குள் பீட்டா-கேட்டனின் என்று ஒரு புரதம் இருக்கிறது. செல் அதை ஓயாமல் செய்துகொண்டே இருக்கும். அதே செல்லில் உள்ள வேறொரு புரதக் கூட்டணி அதை ஓயாமல் அழித்துக்கொண்டும் இருக்கும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோல, அளவு ஏறவே ஏறாது. விண்ட் வந்து செல்லின் மேல்புறத்து ஏற்பியில் ஒட்டியதும் அந்த ஓட்டை அடைபடுகிறது. பீட்டா-கேட்டனின் மளமளவென்று சேர்ந்து, உட்கருவுக்குள் நுழைந்து, லெஃப்1 போன்ற புரதங்களோடு கைகோத்து, ‘பெருகு’, ‘மயிர் செய்’ என்ற வகை மரபணுக்களை இயக்குகிறது.

இது எவ்வளவு சக்தி வாய்ந்தது என்பதற்கு 1998-இல் சுண்டெலியில் செய்த ஒரு சோதனையைச் சொல்லலாம். அழிக்கவே முடியாத பீட்டா-கேட்டனினை எலியின் தோல் செல்களில் உண்டாக்கினார்கள். வளர்ந்த எலியின் தோலில், மயிர்க்கால் இல்லாத இடங்களில்கூடப் புதிய மயிர்க்கால்கள் முளைத்தன. கூடவே கட்டிகளும் வந்தன. ‘வளர்’ என்ற கட்டளையை அளவில்லாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை. வழுக்கைக்கு விண்ட் மருந்து என்று விளம்பரம் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

விண்டுக்கு எதிர்த் தரப்பில் நிற்பது பிஎம்பி என்ற புரதக் குடும்பம், குறிப்பாக பிஎம்பி2, பிஎம்பி4. ஓய்வுக் கட்டத்தை நாம் வெறும் தூக்கம் என்று நினைக்கிறோம். 2008-இல் எலிகளில் வெளிவந்த ஆய்வு அந்தப் படத்தை மாற்றியது. ஓய்வின் முதல் பாதியில் தோலில் பிஎம்பி அளவு அதிகம். அப்போது எழுப்பினாலும் மயிர்க்கால் எழாது. பின்பாதியில் பிஎம்பி இறங்கியபின், அதே மயிர்க்கால் சிறு தூண்டலுக்கும் எழுந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பாதிக்கும் வித்தியாசமே தெரியாது. பிஎம்பியைச் சமாளிக்க நோகின் என்றொரு புரதம் உண்டு. அது செல்லுக்குள் போய் எதையும் செய்வதில்லை. வெளியிலேயே பிஎம்பியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நோகின் கூடி, பிஎம்பி அடங்கி, விண்டின் கை ஓங்கும்போது ஸ்டெம் செல்கள் விழிக்கின்றன. சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற சிக்னலும் சேர்ந்துகொள்ள, மயிர்க்கால் கீழ்நோக்கி நீண்டு வளர்ச்சிக் கட்டம் தொடங்குகிறது.

இனி நிறுத்தம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

எஃப்ஜிஎஃப்5 என்று ஒரு புரதம். வளர்ச்சிக் கட்டம் முடியப்போகும் நேரத்தில் மயிர்க்காலின் வெளியுறைச் செல்கள் இதைச் சுரக்கும். அது போய் டெர்மல் பாப்பில்லாவில் உள்ள ஏற்பியில் ஒட்டும். பாப்பில்லா வளர்ச்சிச் செய்தி அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும். டிஜிஎஃப்-பீட்டா போன்ற வேறு சிக்னல்களும் சேர, மேட்ரிக்ஸ் செல்கள் ஒழுங்காகத் தற்கொலை செய்துகொள்கின்றன. மயிர்க்காலின் கீழ்ப்பகுதி சுருங்கி மேலேறுகிறது, பாப்பில்லாவும் கூடவே மேலேறுகிறது. இதுதான் ஒடுங்கும் கட்டம்.

எஃப்ஜிஎஃப்5 வேலை செய்யாவிட்டால்? 1994-இல் இந்த மரபணுவைச் செயலிழக்கச் செய்த எலிகளுக்கு மயிர் வழக்கத்தைவிட நீளமாக வளர்ந்தது. அங்கோரா எலி என்று பல காலமாகவே தெரிந்திருந்த நீள்மயிர் எலிக்கும் காரணம் இதே மரபணுவில் இருந்த பழுதுதான் என்று அப்போது விளங்கியது. பிறகு பார்த்தால் நீள்மயிர் நாய்கள், நீள்மயிர்ப் பூனைகள் என்று பலவற்றிலும் இதே மரபணுவில் மாற்றம். மனிதர்களில் சில குடும்பங்களில் கண்ணிமை மயிர் அசாதாரண நீளத்துக்கு வளர்வதற்கும் இதுவே காரணம் என்று 2014-இல் கண்டார்கள். அவற்றின் மயிர் வேகமாக வளர்வதில்லை என்பதைக் கவனியுங்கள். வழக்கமான வேகத்தில், கூடுதல் நாட்கள் வளர்கிறது. நீளத்தைத் தீர்மானித்தது நிற்க மறந்த நாட்கள்தான்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அதே எஃப்ஜிஎஃப்5 மரபணுவிலிருந்தே குட்டையான வடிவம் ஒன்றும் உருவாகிறது. அது நீள வடிவத்தின் வேலையைத் தடுக்கிறது. நிறுத்தும் ஆளையும், அவனைத் தடுக்கும் ஆளையும் ஒரே மரபணு தருகிறது.

கேஷ்மியர் ஆட்டில் இதைச் சோதித்துப் பார்க்காமல் விடுவார்களா? சீனாவின் ஷான்சி மாகாணத்தில் ஷான்பெய் இன ஆடுகளின் கருவில் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் எஃப்ஜிஎஃப்5 மரபணுவை வெட்டினார்கள். 2015, 2016-இல் முடிவுகள் வெளிவந்தன. அந்தக் குட்டிகளுக்கு இழையின் நீளமும் கூடியது, இரண்டாம் நிலை மயிர்க்கால்களின் எண்ணிக்கையும் கூடியது.

எண்ணிக்கை என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓர் ஆடு தரும் கேஷ்மியரின் எடையை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: எத்தனை மயிர்க்கால், இழை எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன். நீளம் ஆண்டுதோறும் சுழற்சியில் முடிவாகிறது. மயிர்க்காலின் எண்ணிக்கையோ ஆட்டின் வாழ்நாளுக்கு ஒரே முறை. ஐந்து மாதச் சினைக் காலத்தில், முதல் பாதியிலேயே கருவின் தோலில் முதன்மை மயிர்க்கால்கள் புள்ளி புள்ளியாகத் தோன்றிவிடும். அவற்றுக்குப் பிறகு, அவற்றை ஒட்டி, இரண்டாம் நிலை. குட்டி பிறந்து சில மாதங்கள் வரை இவை முழுமை பெற்றுக்கொண்டிருக்கும். அதன் பிறகு எண்ணிக்கை கூடாது. சினை ஆட்டுக்குக் கடைசி மாதங்களில் தீனி குறைந்தால், அது அந்தக் குட்டியின் கம்பளியில் ஆயுள் முழுக்கத் தெரியும். பின்னால் எவ்வளவு நல்ல தீவனம் போட்டாலும் விட்டுப்போன மயிர்க்கால் முளைக்கப் போவதில்லை.

மூன்றாவதான தடிமன்தான் தொல்லை. எடையைக் கூட்ட நினைத்துத் தேர்வு செய்துகொண்டே போனால் இழை தடித்துவிடும். ஆடு எடையில் ஜெயித்து விலையில் தோற்கும். அதனால்தான் தடிமனைத் தொடாமல் நாட்களை மட்டும் நீட்டும் வழி எது என்று எல்லோரும் தேடுகிறார்கள்.

மரபணுவைத் தொடாத வழி ஒன்று உள் மங்கோலியாவில் ஏற்கெனவே நடக்கிறது. கோடையில் ஆடுகளைச் சில மணி நேரம் மேய விட்டுவிட்டு, சூரியன் மறைய இன்னும் நேரம் இருக்கும்போதே இருட்டுக் கொட்டகைக்குள் அடைத்துவிடுகிறார்கள். ஆட்டுக்குப் பகல் ஏழு மணி நேரம்தான். இரவு நீண்டுவிட்டது என்று பினியல் நம்பிக்கொள்ளும். கம்பளி முன்கூட்டியே வளரத் தொடங்கும். தோலுக்கடியில் மெலடோனின் மாத்திரையைப் பொதித்து வைப்பதும் இதே தந்திரம்தான். கொட்டகை முறையில் மருந்துச் செலவு இல்லை. ஆனால் மேயும் நேரம் குறைகிறது, அடைத்த கொட்டகையில் காற்றோட்டம் சரியாக இல்லாவிட்டால் ஆடு வெந்துபோகும். எனக்கென்னவோ, ஆய்வுக்கூடத்தின் பல கண்டுபிடிப்புகளைவிட இந்த இருட்டுக் கொட்டகை சாதித்தது அதிகம் என்று தோன்றுகிறது.

இவ்வளவு தெரிந்தும், காலண்டருக்கும் மயிர்க்காலுக்கும் இடையே இன்னும் விளங்காத ஒரு துண்டுப் பாதையில்தான் இப்போது ஆராய்ச்சி மும்முரம். விண்ட், பிஎம்பி பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி ஆய்வுக்கூட எலியிடமிருந்து வந்தது. எலியின் மயிர்க்கால் ஒரு சுழற்சியைச் சில வாரங்களில் முடித்துவிடும். அதற்கு ஜூன், டிசம்பர் கணக்கு கிடையாது. நீண்ட இரவு என்ற செய்தி ஆட்டின் தோலில் விண்டையும் பிஎம்பியையும் எந்த வழியாகத் தொடுகிறது என்பதை ஆட்டிடமேதான் கேட்க வேண்டும். 2013-இல் வெள்ளாட்டின் முழு மரபணுத் தொகுதி வெளியானதிலிருந்து இதற்கு வசதி வந்துவிட்டது. மாதம் ஒருமுறை ஆட்டின் தோலில் கடுகளவு வெட்டியெடுத்து, எந்த மரபணு எப்போது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று பட்டியல் போடுகிறார்கள். புரதமாக மாறாமலேயே மற்ற மரபணுக்களைக் கட்டுப்படுத்தும், சிறு ஆர்என்ஏ எனப்படும் மரபணு நகல்களின் பட்டியலும் வளர்ந்துகொண்டே போகிறது.

இந்தப் பட்டியல்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வளர்ச்சிக் கட்டத்துத் தோலையும் ஓய்வுக் கட்டத்துத் தோலையும் ஒப்பிட்டால், கெரட்டின் மரபணுக்கள் எல்லாம் வளர்ச்சிக் கட்டத்தில் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். மயிர் தயாராகும் இடத்தில் மயிருக்கான புரதம் இல்லாமலா இருக்கும்? அது வளர்ச்சியின் விளைவு, காரணம் இல்லை. ஒரு மரபணு காரணம்தான் என்று நம்ப வேண்டுமானால், அதை மட்டும் நிறுத்தியோ கூட்டியோ பார்த்து, மயிர்க்கால் கட்டம் மாறுகிறதா என்று காட்டியிருக்க வேண்டும். எஃப்ஜிஎஃப்5 அந்தத் தேர்வில் எலி, ஆடு இரண்டிலும் தேறியது. பட்டியல்களில் இருக்கும் பெரும்பாலான பெயர்கள் ஆட்டில் இன்னும் அந்தத் தேர்வை எழுதவே இல்லை.